லேப்டாப் பழசு, படிப்பு புதுசு: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறலாமா?

2020 மே மாதத்தைத் திருமழிசைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு வந்தது. செப்டம்பர் இறுதியில் மீண்டும் கோயம்பேட்டுக்கே போனது. அந்த மாதங்களில் காய் அதே காய், தராசு அதே தராசு, வியாபாரிகளும் அதே ஆட்கள்தான். லாரி எங்கே நிற்கும், எந்தக் கடை எந்த வரிசை, சரக்கை எப்போது இறக்கணும் என்பதைத்தான் எல்லோரும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

மென்பொருள் எழுதப் படிக்கிறவர்கள் ஒரு கம்ப்யூட்டர் தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் ஏறக்குறைய இப்படித்தான். நீங்கள் கற்ற பைத்தானும் ஜாவாவும் அப்படியே கூட வரும். கோப்பு எங்கே இருக்கும், மென்பொருளை எப்படி நிறுவுவது என்பது மாறும். முன்கூட்டியே திட்டமிட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். திட்டமில்லாமல் இறங்கினால் ஒரே இரவில் கல்லூரி புராஜெக்ட் முழுவதும் அழிந்துபோகும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கேள்வி இப்போது ஏன் வருகிறது?

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

"அப்பா, நம்ம லேப்டாப்ல விண்டோஸ் 11 ஏறாதாம். புதுசு வாங்கச் சொல்றாங்க."

"எவ்வளவும்மா ஆகும்?"

"ஐம்பதாயிரம் கிட்ட ஆகும்ப்பா."

அப்பா பதில் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. காரணம் இதுதான்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று அறிவித்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பட்டியலில் உள்ள புராசஸர் எல்லாம் வேண்டும். ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப் பலவற்றில் கடைசி இரண்டில் ஒன்றாவது இருக்காது.

ஆதரவு நின்ற பிறகும் லேப்டாப் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, ஆதார் நகலை வைத்திருப்பது எல்லாம் பூட்டு கெட்டுப்போன வீட்டில் குடியிருப்பது மாதிரி.

எனவே புதிது வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: லேப்டாப்பை மாற்றாமல், அதில் ஓடும் இயங்குதளத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

லினக்ஸ் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது

கம்ப்யூட்டரின் வன்பொருளுக்கும் நீங்கள் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். விண்டோஸ், ஆப்பிளின் மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை அதில் முக்கியமானவை. லினக்ஸ் யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும், மாற்றி அமைக்கவும், பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள். உபுண்டு, மின்ட், டெபியன் எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது.

"லினக்ஸா? அதெல்லாம் பெரிய எஞ்சினியருங்க சமாச்சாரம்" என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருதான். இணையத்தில் நாம் திறக்கும் தளங்களில் பெரும்பகுதி லினக்ஸ் சர்வர்களில்தான் ஓடுகிறது. மென்பொருள் வேலைக்குப் போகிற பிள்ளை என்றைக்காவது ஒருநாள் லினக்ஸைத் தொட்டே ஆக வேண்டும். வீட்டிலேயே பழகிவிட்டால் அந்த நாளில் திணற வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல

நம் மாநிலத்தில் இந்த முயற்சிக்கு வயது ஏறக்குறைய இருபது. 2007 வாக்கிலேயே தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. அதே காலத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கி வெளியிட்டது. இதன் திரையைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது திருமழிசை இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில்தான். அந்தத் திட்டத்தில் வழங்கப்பட்ட பல மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பலர் அந்த இரண்டாவது வழியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. பழைய அரசு லேப்டாப் வீட்டில் இருந்தால், ஆன் செய்யும்போது இரண்டு பெயர்கள் காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அரசு அலுவலகங்களுக்கு அறிவுறுத்தியது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகவே லினக்ஸில்தான் நடக்கிறது.

எது கூட வரும், எது வராது?

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த லேப்டாப்பில் நான் என்னென்ன செய்கிறேன்?

தயங்காமல் மாறலாம்: பைத்தான், ஜாவா, சி, சி பிளஸ் பிளஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், கிட், விஎஸ் கோட் ஆகிய எல்லாமே லினக்ஸில் கிடைக்கும். வெப் டெவலப்மென்ட் படிப்பவர்களுக்கு இது இன்னும் வசதி.

யோசித்து மாறணும்: ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ லினக்ஸில் ஓடும். ஆனால் அதற்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். 4 ஜிபி லேப்டாப்பில் எந்த இயங்குதளம் போட்டாலும் திணறும். ரேம் சற்று குறைவாகத் தோன்றினால், கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிப் போனை விட்டுவிட்டு, உங்கள் ஆண்ட்ராய்டு போனையே கேபிளில் இணைத்துச் செயலியைச் சோதியுங்கள். பாரம் நன்றாகவே குறையும்.

மாற வேண்டாம்: டேலி, ஆட்டோகேட், முழுமையான விஷுவல் ஸ்டூடியோ ஆகியவை விண்டோஸுக்கானவை. ஐபோன் செயலி எழுதத் தேவையான எக்ஸ்கோட் ஆப்பிள் மேக்கில் மட்டும்தான் ஓடும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி வைத்து வேலை செய்பவர்கள், அந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பெரும்பாலான அரசு இணையச் சேவைகள் பிரவுசரிலேயே திறக்கும் என்பதால் சான்றிதழ் விண்ணப்பம், வரி செலுத்துதல் போன்றவற்றுக்குச் சிக்கல் வராது.

எம்எஸ் ஆஃபீஸுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. பெரும்பாலான கோப்புகள் திறக்கும். ஆனால் பக்க அமைப்பு கொஞ்சம் நகரலாம். புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்தால் தகராறே இல்லை.

எங்கெல்லாம் கால் இடறும்?

புது ஊருக்குப் போனால் முதல் வாரம் வழி தவறத்தான் செய்யும். கீழே உள்ள நான்கும் புதிதாக வருகிற எல்லோரும் தடுமாறும் இடங்கள்.

ஒன்று, எழுத்தின் அளவு. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. விண்டோஸில் அழகாகத் தெரிந்த இணையப்பக்கத்தில், லினக்ஸுக்குப் போனதும் படம் மட்டும் காணாமல் போகும். "கோடு சரியாத்தானே இருக்கு!" என்று மணிக்கணக்கில் தேடுவோம். கடைசியில் ஒரே ஒரு எழுத்துதான் காரணமாக இருக்கும். கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைக்கும் பழக்கம் இந்தத் தொல்லையை வேரோடு போக்கிவிடும்.

இரண்டு, பாதை. விண்டோஸில் சி டிரைவ், டி டிரைவ் என்று இருக்கும். லினக்ஸில் டிரைவ் எழுத்து கிடையாது. எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரம். கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்வுக்கோடும் எதிர்ப்பக்கம் சாயும். புரோகிராமில் முழுப் பாதையை எழுதி வைத்திருந்தால் அது உடைந்துபோகும்.

மூன்று, டர்போ சி. இன்னமும் சில ஆய்வகங்களில் சொல்லித்தரப்படும் டர்போ சி, பழைய டாஸ் காலத்து மென்பொருள். அதில் திரையைத் துடைக்கவும், விசை அழுத்தும்வரை காத்திருக்கவும் சேர்க்கும் வரிகள் லினக்ஸின் ஜிசிசி கம்பைலருக்குத் தெரியாது. பிழை காட்டும். பயப்பட வேண்டாம். அந்த வரிகளை நீக்கினாலே பெரும்பாலான பாடப் பயிற்சிகள் ஓடிவிடும். வேலைவாய்ப்புத் தேர்வுகளில் கேட்பதும் பொதுவான சி மொழிதான்.

நான்கு, தமிழ். நம் வீடுகளில் அதிகம் பாதிக்கப்படுவது இதுதான். பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். மாறுவதற்கு முன்பே அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. எழுத்துருக்களும் குறியீடு மாற்றும் கருவிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

கைவைக்கும் முன் செய்ய வேண்டியவை

இதை மட்டும் தவிர்க்கவே கூடாது.

முதலில் நகல் எடுங்கள். புராஜெக்ட், போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும், கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலும் என இரண்டு இடங்களில் வையுங்கள். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். நகல் எடுத்தபின் அதிலிருந்து நாலு கோப்பை வேறு ஒரு கருவியில், உங்கள் போனிலேயேகூடத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை. மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் இணைத்து வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, பிட்லாக்கர் சாவி. பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கணினி தொடங்கும் முறையை மாற்றினால், "மீட்புச் சாவி கொடு" என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லை என்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நேரம். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம், புராஜெக்ட் ஒப்படைக்கும் முந்தைய நாள் இதையெல்லாம் செய்யவே வேண்டாம். விடுமுறையில் ஆரம்பியுங்கள்.

நான்கு வழிகள், சுலபமானது முதலில்

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ்: விண்டோஸ் 10, 11-இல் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி உண்டு. விண்டோஸை விடாமலே ஒரு லினக்ஸ் சாளரத்தைத் திறந்து பழகலாம். பழக இது நல்ல வழி. ஆனால் ஆதரவு நின்றுபோன விண்டோஸின் பாதுகாப்புச் சிக்கல் இதனால் தீராது.

பென்டிரைவிலிருந்து ஓட்டுவது: 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம். ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது மட்டும் அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள். வைஃபை வேலை செய்கிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். எல்லோரும் இங்கிருந்தே தொடங்குவது நல்லது.

இரண்டும் சேர்த்து: ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்து, ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்வு செய்வது. டிஸ்கைப் பிரிக்கும் இடத்தில் கவனம் தேவை. முன்பின் செய்து பழகியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முழுசாக மாறுவது: பழைய விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை மட்டும் வைப்பது. ஒரு மாதம் பழகி, விண்டோஸைத் திறக்கவே தேவைப்படவில்லை என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது.

4 ஜிபி லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற இலகுவானதைத் தேர்வு செய்யுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்கே தெரியும். புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

மாறிய பிறகு வைஃபை வரவில்லை என்றால் கலங்காதீர்கள். போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டாலே இணையம் வந்துவிடும். அதைக்கொண்டு வைஃபை டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். வழியில் வரும் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது அந்தப் படம்தான் பேசும். தமிழில் படிக்க வேண்டுமா? கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் எழுதிவரும் கணியம் இணைய இதழைப் பாருங்கள்.

ஏமாந்துவிடாதீர்கள்

லினக்ஸை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். அதற்குப் பணம் கட்டச் சொன்னால் தளத்தின் முகவரியை மறுபடி சரிபாருங்கள். "கிராக் போட்ட விண்டோஸ் 11 ஏத்தித் தரேன்" என்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். அந்தத் திருட்டு நகலோடு கடவுச்சொல் திருடும் மென்பொருளும் சேர்ந்து வரலாம். "மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுறோம், உங்க கம்ப்யூட்டர்ல பிரச்சனை" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். உங்கள் திரையை அவர்கள் கையில் கொடுக்கும் எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

மாறாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. பத்து ஆண்டுகள் உழைத்து 2013-இல் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அவ்வளவு பெரிய நிர்வாகமே போன வழியில் திரும்பியிருக்கிறது. உங்கள் வேலை விண்டோஸில்தான் நடக்கும் என்றால் அதில் இருப்பதில் தவறே இல்லை. ஆதரவு உள்ள பதிப்பாக, முறையாக வாங்கியதாக இருந்தால் போதும்.

அந்தத் திருமழிசை வீட்டுக்குத் திரும்புவோம். மகள் படிப்பது பைத்தானும் ஜாவாவும் என்றால், அடுத்த விடுமுறையில் அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முழு நகல் எடுத்து, ஒரு காலி பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, பழைய லேப்டாப்பில் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது. சரிப்பட்டால் அந்த ஐம்பதாயிரம் அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு ஆகும். சரிப்படவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டால் போதும், விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு புதிது வாங்கினாலும், என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்று தெரிந்தே வாங்கலாம்.